நுளம்பில்லாத தீவு எங்கே?

விடுமுறை நாட்கள் நெருங்கும்போது எந்த ஊருக்குப் போவது என்ற ஆராய்ச்சி வீடுகள்தோறும் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் கடல் வேண்டும் என்பர். தாய்மார் கோயிலும் நிழலும் வேண்டும் என்பர். தந்தையர் செலவுக் கணக்கைப் பார்ப்பர். வெப்ப நாட்டுத் தீவொன்றைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் இவற்றோடு வேறொரு கேள்வியும் எழுவது இயல்பு. “அங்கே நுளம்பு எப்படி?” என்பதே அக்கேள்வி. தமிழகத்தார் கொசு என்று சொல்லும் சிற்றுயிரை ஈழத்தவர் நுளம்பு என்கிறோம். பெயர் இரண்டாயினும் கடி ஒன்றே.

நுளம்பே இல்லாத தீவு எங்கேனும் உண்டா? பனி மூடிய ஐஸ்லாந்தை நெடுங்காலம் உதாரணமாகக் காட்டி வந்தார்கள். 2025 ஒக்டோபரில் அங்கும் மூன்று நுளம்புகள் பிடிபட்டன. பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகள் ஒரு காலத்தில் நுளம்பை அறியாதிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்து சேர்ந்த கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு அதுவும் கரை இறங்கியது. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் மொரிசியசுத் தீவில் 1867ஆம் ஆண்டு மலேரியா கொள்ளை நோயாகப் பரவிப் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்நோய் அத்தீவில் வேரூன்றியதில்லை. தீவு என்பதனால் மட்டும் ஓரிடம் காப்புப் பெறுவதில்லை என்பதும், மனிதன் போகும் கப்பலிலே நுளம்பும் நோயும் உடன் போகின்றன என்பதும் இவற்றால் விளங்கும்.

ஆதலால் தீவின் பெயரை மட்டும் கேட்பதிற் பயனில்லை. எந்த மாதம், எந்தக் காற்று, எந்த வளவு என்ற மூன்றையும் கேட்டறிந்து போகிறவரே நிம்மதியாக விடுமுறையைக் கழிப்பர். இவ்வுண்மையைக் கற்றுக்கொள்வதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இலங்கைத் தீவின் வட எல்லையிலே உள்ள பருத்தித்துறையே நல்ல பாடசாலை.

ஊரும் கரையும்

யாழ்ப்பாணத்திலிருந்து 750ஆம் இலக்க பஸ் வண்டியில் ஏறினால் ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தூரத்தில் பருத்தித்துறை. தோட்டங்களும் பனங்கூடல்களும் மாறி மாறி வர, இடையே வல்லை வெளி விரிகிறது. மரமோ வீடோ மறைக்காத அந்த வெளியிலே காற்று வண்டியின் யன்னல்களைப் பிடித்து உலுப்பும். உவர் நீரேரியின் பாலத்தைக் கடந்தால் வடமராட்சி. நெல்லியடிச் சந்தியின் ஆரவாரத்தைத் தாண்டிச் சிறிது நேரத்தில் கடல் எதிர்ப்படும்.

பருத்தி ஏற்றி இறக்கிய துறையாதலின் பருத்தித்துறை என்று பெயர் வந்தது என்பர். போர்த்துக்கேயர் இக்கரையின் கற்பாறைகளைக் கண்டு ‘கல்முனை’ என்ற பொருள்படத் தம் மொழியில் இட்ட பெயரே பின்னர் ஆங்கிலேயர் வாயில் ‘பொயின்ற் பீற்றோ’ எனத் திரிந்தது. 1916இல் எழுப்பப்பட்ட வெளிச்சவீடு 32 மீற்றர் உயரத்தில் நின்று கடலைப் பார்க்கிறது. வீதியின் இருமருங்கும் திண்ணையும் கற்றூண்களும் மேலே கூரையுமாக, வழிச்செல்வோர் தம்முள்ளே புகுந்து போகும்படி கட்டப்பட்ட தெருமூடி மடம் இவ்வூரின் தனிச் சிறப்பு. வெயிலில் வந்த வழிப்போக்கன் இளைப்பாற வேண்டும் என்று நினைத்த முன்னோரின் அன்பு அங்கே கல்லாக நிற்கிறது. மெல்லிதாகத் தட்டி மொறுமொறுவெனப் பொரித்த பருத்தித்துறை வடையைப் பற்றி எழுதப் புகின் இக்கட்டுரை போதாது. பொதி கட்டிக்கொண்டு போகாதவர் அரிது.

கிழக்கே சென்றால் வல்லிபுர ஆழ்வார் கோயிலும் மணற்காட்டின் மணற்குன்றுகளும். மேற்கே சென்றால் வல்வெட்டித்துறையும் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியும். இரண்டு மூன்று நாள் தங்கிப் பார்க்கத் தக்க ஊர் என்பதில் ஐயமில்லை. எப்போது போய்த் தங்குவது என்பதுதான் கேள்வி.

காற்றே காவலன்

நுளம்பு வலிய பறவையன்று. அது பறக்கும் வேகம் மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தினும் குறைவானது. சற்றே பலத்த காற்று வீசினால் அது இலைக்கடியிலும் சுவர் மூலையிலும் ஒதுங்கிவிடும். வீட்டு விசிறியின் காற்றே அதனை நெருங்கவிடாது எனின், கடற்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

யாழ்ப்பாணத்தார் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு அழைத்தனர். தென்மேற்கிலிருந்து வீசுவது சோழகம். வடக்கும் வடகிழக்குமாக வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை சோழகம் ஓயாது வீசும். தென்னிலங்கையிலே அக்காற்று பெருமழையைக் கொட்டிவிட்டு, வடக்கே வறண்டு வந்து சேருகிறது. அக்காலத்தில் பருத்தித்துறையில் மழை அரிது. தரை காய்ந்திருக்கும், தேங்கிய நீர் இராது, காற்றும் ஓயாது. காற்றுக்கு முதுகு காட்டிய வடகடலும் அப்போது அமைதியாயிருக்கும். பிள்ளைகளோடு கரைக்குப் போக உகந்த காலம் அதுவே.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் நிலைமை தலைகீழாகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அம்மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. வாடைக்காற்றோடு கடலும் சீறும். மழை விட்ட இடைநாட்களில் காற்றுத் தணிந்து வெயிலும் ஈரமும் கலந்து நிற்கும்போது நுளம்புக்குப் பொற்காலம். யாழ்ப்பாணத்திலே டெங்குக் காய்ச்சல் மாரியோடு ஏறித் தை வரை நீடிப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். 2023 டிசெம்பரிலும் 2024 ஜனவரியிலும் அது பெருகியமை பலர்க்கும் நினைவிருக்கும்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் எம்மவர் பலர் நத்தாரையும் தைப்பொங்கலையும் ஒட்டி ஊருக்கு வருகின்றனர். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கரையில் ஏறும் பட்டங்களைக் காண யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் அந்த நாட்களே டெங்கின் நாட்கள். ஆடி, ஆவணியில் வருவோர்க்கு இத்தொல்லை குறைவு. நல்லூர்த் திருவிழாவும் சந்நிதித் திருவிழாவும் அக்காலத்தில்தான் வருகின்றன. பிள்ளைகளின் நீண்ட பள்ளி விடுமுறையும் அப்போதே. மாரியில் வருவோர் வரவேண்டாம் என்று சொல்வது நோக்கமன்று. ஆயத்தத்தோடு வரவேண்டும் என்பதே நோக்கம்.

மூவகை நுளம்பு

கடிக்கும் நுளம்பு அனைத்தும் பெண்ணே. முட்டை முதிர்வதற்கு அதற்கு இரத்தம் வேண்டும். ஆண் நுளம்பு பூந்தேனையும் செடிச் சாற்றையும் உண்டு வாழும் சாது. நம் ஊர்களில் முக்கியமாக அறிய வேண்டியவை மூன்று இனங்கள்.

கியூலெக்ஸ் என்பது அழுக்கு வடிகாலிலும் மலக்குழியிலும் பெருகி, இரவிலே காதருகே பாடுவது. அனோபிலிஸ் மலேரியாவைச் சுமப்பது. அதுவும் இரவிலேயே கடிக்கும். உட்காரும்போது பின்புறத்தை உயர்த்திச் சாய்ந்திருப்பது அதன் அடையாளம். மூன்றாவது ஈடிஸ். கரிய உடலில் வெண்புள்ளிகளும் கால்களில் வெள்ளை வளையங்களும் கொண்ட இதுவே டெங்கையும் சிக்குன்குனியாவையும் பரப்புகிறது. 2006இன் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்களின் மூட்டுகளை வாட்டிய சிக்குன்குனியா இதன் வேலையே. ஈடிஸ் பகலில் கடிக்கும். காலையிலும் மாலைப்பொழுது சாயும் வேளையிலும் மிகுதியாகக் கடிக்கும். இரவில் வலை கட்டிப் படுத்துவிட்டுப் பகலில் அஞ்சாதிருப்பவர் இதனிடம் ஏமாந்து போகிறார். மதியத்தில் குழந்தையை உறங்க வைக்கும் தாய் அப்போதும் வலை விரிக்க வேண்டும்.

மாணவர்கள் ஒரு கண்ணாடிப் போத்தலில் தேங்கிய நீரை எடுத்து உற்று நோக்கட்டும். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாக மிதக்கும் குடம்பி அனோபிலிஸ். தலைகீழாகத் தொங்குவது மற்ற இரண்டில் ஒன்று. முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறப்பதற்குச் சூடான நாட்டில் ஒரு வாரம், பத்து நாள் போதும். இரண்டு வாரம் தங்க வரும் விருந்தாளி தமது அறையின் பூச்சாடித் தட்டிலேயே ஒரு தலைமுறை நுளம்பை வளர்த்துவிடலாம்! பார்த்து முடிந்ததும் போத்தல் நீரை வெயிற்பட்ட மணலில் ஊற்றிவிட மறக்க வேண்டாம்.

உவர் நீரும் தடையன்று

கடற்கரையில் நீரெல்லாம் உப்பு. உப்பு நீரில் ஈடிஸ் வளராது. ஆகவே கரையோரம் பயமில்லை என்று முன்னர் எண்ணியிருந்தார்கள். இந்நம்பிக்கையை உடைத்தது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மட்டக்களப்பிலும் நடந்த ஆராய்ச்சியே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் உள்ளிட்ட ஆய்வாளர் கரையோரத்திலே எறியப்பட்ட போத்தல்களையும் பிளாத்திக்குப் பாத்திரங்களையும், பாவனையற்ற கிணறுகளையும், கைவிடப்பட்ட மீன்பிடிப் படகுகளையும் ஆராய்ந்தனர். ஆயிரத்தில் 15 பங்குவரை உப்புள்ள நீரிலும் ஈடிஸின் குடம்பிகள் வாழ்வதைக் கண்டு 2011இல் உலகுக்கு அறிவித்தனர். கடல் நீரில் உப்பு ஆயிரத்தில் 35 பங்கு. ஆதலின் அலை மோதும் கடலில் அது வளராது. கரையில் இழுத்துவிட்ட பழைய வள்ளத்தின் அடியில் மழைநீரும் கடற்றிவலையும் கலந்து தேங்கும் நீரிலோ தாராளமாக வளரும்.

இதிலிருந்து விடுமுறைக்கு வருவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கடலை நோக்கிய அறை காற்றினால் நல்லது. ஆனால் யன்னலின் கீழே உடைந்த படகும் வெற்றுப் போத்தல்களும் கிடந்தால் காற்றுத் தணியும் மாலையில் அந்த நன்மை போய்விடும். ஈடிஸ் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்ளேயே வாழ்ந்து முடிகிறது. நம்மைக் கடித்தது தொலைவிலுள்ள நீரேரியிலிருந்து வந்தது என்று பழி சொல்வதற்கில்லை. அது நம் வளவில் அல்லது அயல் வளவில் பிறந்ததே.

மலேரியா போன கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் கீழே தங்கும் மழைநீரைக் கிணறு வெட்டி எடுத்தே இம்மக்கள் வாழ்ந்து வந்தனர். ஆறுள்ள நாட்டில் நடந்ததோ வேறு. 1934இல் மழை பொய்த்துத் தென்மேற்கு இலங்கையின் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகியபோது அனோபிலிஸ் பெருகி, 1935 வரை நீடித்த மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கியதும் நோய் குன்றியது. 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா காணப்பட்டது. வென்றுவிட்டோம் என்று தெளிப்பதை நிறுத்தினர். 1960களின் முடிவுக்குள் நோய் லட்சக்கணக்கானோரைப் பிடித்தது. விழிப்புத் தளர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு உலகெங்கும் எடுத்துச் சொல்லப்படும் உதாரணமாக அது ஆயிற்று.

பின்னர் போர்க் காலத்தில் வடக்கும் கிழக்குமே மலேரியாவின் பெரும் பாரத்தைச் சுமந்தன. பீரங்கிகளுக்கிடையிலும் சுகாதார ஊழியர் தம் கடமையை விடவில்லை. 2012 ஒக்டோபருக்குப் பின் இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா எவருக்கும் காணப்படாததால், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்நுளம்பு கிணற்றிலும் தொட்டியிலும் வளர வல்லது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. வீட்டுக்கு வீடு கிணறுள்ள நாட்டுக்கு இது சிறிய செய்தியன்று.

சுமக்கும் நுளம்பு இருக்கிறது. சுமப்பதற்கு நோய்தான் இல்லை. அந்நோயை உடலில் கொண்டு வரக்கூடியவர் பயணியே. மலேரியா உள்ள நாடுகளுக்குப் போய் வந்தவர் காய்ச்சல் கண்டால், எங்கே போயிருந்தோம் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லி இரத்தத்தைச் சோதிக்கச் செய்ய வேண்டும். அது அவருடைய உயிருக்கும் ஊருக்கும் காப்பு.

வளவைப் பார்த்து விடுதி தேர்க

தங்குமிடத்தின் கட்டிலையும் கண்ணாடியையும் பார்ப்பதற்கு முன் வளவை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கிணற்றுக்கு வலை மூடியிருக்கிறதா? பாவிக்கும் கிணறாயின் குடம்பி தின்னும் கப்பி மீன் விட்டிருக்கிறார்களா? தண்ணீர்த் தொட்டிக்கு இறுக்கமான மூடி உண்டா? கூரைப் பீலியில் சருகு அடைத்து நீர் நிற்கிறதா? சிரட்டை, இளநீர்க் கோம்பை, தயிர்ச் சட்டி, பழைய ரயர், அலுமாரிக் காலுக்கு எறும்பு ஏறாதிருக்க வைத்த கிண்ணம் ஆகியவை ஈடிஸின் தொட்டில்கள். இவை கிடவாத வளவுடைய எளிய வீடு, இவை நிறைந்த ஆடம்பர விடுதியிலும் மேலானது.

நீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஈடிஸின் முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். வாரம் ஒரு முறை, ஞாயிறுதோறும் அரை மணி நேரம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இவ்வேலையைச் செய்யும் வீட்டில் நுளம்பின் வாழ்க்கைச் சக்கரம் முற்றுப்பெறாது.

உடலை மூடும் பருத்தி ஆடை, நுளம்பு வலை, தோலிற் பூசும் தைலம், மின்விசிறி ஆகியவை உதவும். வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும் சிறிது நேரமே விரட்டும். கதவடைத்த அறையில் நுளம்புச் சுருளைக் கொளுத்தி அதன் புகையில் குழந்தைகளைப் படுக்க வைப்பது நன்றன்று.

பூட்டிய வீடுகள்

வடமராட்சியின் ஒழுங்கைகளில் நடந்தால் பூட்டிய படலைகள் பல தென்படும். போரினாலும் பிழைப்பினாலும் கடல் கடந்தவர்களின் வீடுகள் அவை. முற்றத்தில் சருகு, மூலையில் உடைந்த தொட்டி, துலா இழந்த கிணறு. யாரும் அள்ளாத அக்கிணற்றிலும் தொட்டியிலும் மழைநீர் நின்று நுளம்பை வளர்க்கிறது. வீட்டுக்காரர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கிறார். கடி வாங்குவது வேலிக்கு அப்பால் இருக்கும் அயலவரின் பிள்ளை. நுளம்பில்லாத தீவைத் தேடி உலக வரைபடத்தைப் புரட்டுவோர், தம் பெயரிலுள்ள கிணற்றை ஒரு தரம் நினைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு வலையும் ஒரு மூடியும் பெருஞ்செலவன்று. உறவினர் ஒருவரிடம் திறப்பைக் கொடுத்து மாரிக்கு முன் வளவைத் துப்புரவு செய்விப்பதும் பெருங்காரியமன்று.

காய்ச்சல் கண்டால்

டெங்கு எளிய நோயன்று. 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் அதற்கு ஆளாகினர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கடித்த பின் நான்கு முதல் பத்து நாட்களுக்குள் காய்ச்சல் தோன்றும். ஆகவே ஊரில் பட்ட கடி, விமானம் ஏறிப் போன பின்னும் வெளிப்படலாம். அங்குள்ள வைத்தியரிடம் போய்வந்த ஊரைச் சொல்ல வேண்டும். அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகள் ஆகா; அவை இரத்தப்போக்கைக் கூட்டும். பரசிற்றமோலும் ஓய்வும் நீராகாரமும் போதும். காய்ச்சல் தணியும் நாளில் நோய் தீர்ந்தது என்று மகிழ்வதே பெருந்தவறு. ஆபத்து அப்போதுதான் வரும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்க. வடமராட்சிக்கு மந்திகை ஆதார வைத்தியசாலை அருகிலேயே உள்ளது.

வழிப்போக்கருக்காகத் தெருவுக்கே கூரை போட்டவர்களின் ஊர் பருத்தித்துறை. வந்து போகிறவரும் அவ்வூருக்குச் செய்யத்தக்க உபசாரம் ஒன்றுண்டு. வல்லிபுரத்து மணல் எவ்வளவு மழையையும் குடித்துவிடும். நாம் அங்கே வீசிவிட்டு வரும் பிளாத்திக்குக் கோப்பையோ ஒரு துளியையும் குடிக்காது. அதனைத் திரும்ப எடுத்து வருவோம். காலமறிந்து போவோம், வளவறிந்து தங்குவோம், நாம் இருந்த இடத்தில் தேங்கிய நீர் இல்லாமற் செய்துவிட்டுத் திரும்புவோம். நுளம்பில்லாத தீவைத் தேடி அலைய வேண்டியதில்லை. நுளம்பு குறைந்த வளவை எந்தத் தீவிலும் ஆக்கிக்கொள்ளலாம்.